தீட்டு நின்னவ

பதுளைக்குச் சேலை எடுக்கப் போன குணமணி வெறுங்கையோடு திரும்பி வந்த அன்றே தங்கேஸ்வரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நல்ல கலரே கெடைக்கல தங்கச்சி" என்றாள் குணமணி. நிஸாம் முதலாளியின் கடையில் மட்டும் கூரை முட்டச் சேலை அடுக்கியிருக்கும். அதில் ஒன்றுகூடவா பிடிக்கவில்லை? தங்கேஸ்வரி அதைக் கேட்கவில்லை. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில், நடுவே ஒரு பலகைச் சுவரை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்று சத்தம் வரும். அப்படிப்பட்டவள் தன்னிடமே பொய் சொல்கிறாளே என்ற எரிச்சலை ஒரு மாதமாக மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

எரிச்சல் வருவதற்கு அவளுக்கு இப்போதெல்லாம் காரணமே தேவையில்லை. வயது ஐம்பது. எட்டு மாதமாகத் தூரம் வரவில்லை. இனி வருமா, அவ்வளவுதானா என்றும் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது சூடு. நெஞ்சில் பற்றி, கழுத்தில் ஏறி, முகமெல்லாம் தீய்த்துவிட்டுப் போகும். போனதும் முதுகில் வியர்வை குளிரும். பெரகல சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிற புருசனிடம் போனில் சொன்னாள். "ஒனக்கு அந்த வயசு, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான். தோட்டத்துக்கே அந்தப் பதில் வசதியாகப் போயிற்று. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை இரண்டு கிலோவைத் தள்ளிவிட்டார் என்று கேட்டால் அந்த வயசு. தண்ணீர்க் குழாயில் யாரோ பாத்திரத்தைப் போட்டு இடம் பிடித்தார்கள் என்று சண்டை போட்டால் அந்த வயசு. நியாயம் கேட்கிற வயது எது என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை.

ஆடி மாதம். ஊவா மலைகளில் காற்று வீசுகிற காலம். மழை இல்லாமல் கொழுந்து சுருங்கி, நாள் முழுக்கப் பறித்தாலும் சாக்கு நிரம்ப மாட்டேன் என்கிறது. அன்று திங்கட்கிழமை. பத்து மணித் தேத்தண்ணிக்குச் சற்று முன் தங்கேஸ்வரிக்குச் சூடு பிடித்துக்கொண்டது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றினாள். காற்றில் பல் கிட்டிக்கொண்டு நின்ற மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"நமக்கெல்லாம் குளுருது. தங்கேசுக்கு மட்டும் கதிர்காமத்து வெயிலு" என்றாள் ஒருத்தி.

பதில் சொல்ல வாயெடுத்தவள், கரையோரச் சவுக்கு மரத்துக்குப் பின்னால் குணமணி தனியாகக் குனிந்து நிற்பதைக் கண்டு அங்கே போனாள். குணமணி இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்து, பழைய சேலைக் கிழிசல் ஒன்றை நாலாய் மடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் கிடந்த இன்னொரு துணியைக் காலாலேயே சருகுக்குள் தள்ளப் பார்த்தாள். அது முழுக்க ரத்தம்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. அட்டை கடிச்சிருச்சு."

"இந்த வறட்சியில அட்டை எங்கேருந்து வந்துச்சு? ஒங்களுக்கு நின்னு அஞ்சு வருசமாச்சே."

குணமணி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஐம்பத்தேழு வயது முகம். அண்மையில் அது வெளிறிப் போனதை விரதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கத்தாத தங்கச்சி. மூணு மாசமா இப்பிடித்தான். வரும், நிக்கும், திரும்பவும் வரும். நான் மூணு நாள் ஒதுங்கி, மஞ்சத்தண்ணி ஊத்திக்கிறேன். யாருக்கும் தெரியாது."

"மஞ்சத்தண்ணி ஊத்துனா நிக்குமா?"

"தீட்டு கழியுமில்ல."

தங்கேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். இது தீட்டுமில்லை, ஒரு மண்ணுமில்லை, உடம்பு வருத்தம் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவிச்சி ஷஹீலா மாதாமாதம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்வது அதுதான்: நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு வந்தாலும் காட்ட வேண்டும். ஆனால் குணமணிக்கு அது தெரியாமல் இல்லை. கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சேலை எடுக்கப் போனதாகச் சொன்ன அன்று ஷஹீலாவின் கடிதத்தோடு பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள். வயிற்றை ஸ்கேன் பண்ணியிருக்கிறார்கள். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறது, சுரண்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"எப்ப?"

"வியாழக்கெழம."

"எந்த வியாழக்கெழம?"

"இந்த வியாழக்கெழமதான்."

தங்கேஸ்வரியின் பார்வை குணமணியின் இடது மணிக்கட்டுக்குப் போனது. மஞ்சள் நூலில் கட்டிய காப்பு, நேற்று ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் கட்டியது. காப்புக் கட்டியவர்கள் அடுத்த ஞாயிறு பொங்கல் வைத்து, மஞ்சள் நீராடி, காப்பை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆண்களில் ஏழு பேர், பெண்களில் ஒருத்திதான் காப்புக் கட்டுவது. அம்மனின் உள்வாசலைத் தாண்டிப் போய்க் கூட்டி மெழுகவும் பொங்கல் பொங்கவும் தீட்டு நின்றவள் ஒருத்தி வேண்டும். மூன்று வருடமாக அது குணமணி. கோயில் தலைவர் வீரசிங்கத்தின் பெண்சாதி என்பதால் மட்டும் கொடுத்த இடமில்லை. அவள் கை பட்டால் பொங்கல் ஒரு பக்கம் சாயாமல் நேராகப் பொங்கும் என்று மேல்லயம்வரை பேச்சு.

"வியாழக்கெழம தேதி இருக்குன்னு தெரிஞ்சே கையை நீட்டுனீங்களா?"

"நீட்டலன்னா ஏன்னு கேப்பாங்களே. நான் என்னான்னு சொல்லுவேன்?"

தன் உயிருக்கு நாள் குறித்திருக்கும்போது, யாரோ கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்து கையில் விலங்கு மாட்டிக்கொண்ட பெண்ணை என்ன சொல்லித் திட்டுவது? தங்கேஸ்வரிக்குக் கண்ணீர்தான் வந்தது. அதுவும் இப்போதெல்லாம் அழையாமலே வருகிறது.

"அத்தான்கிட்ட சொல்லிருங்க."

"செத்தாலும் மாட்டேன். ரத்தத்தோட அம்மன் வாசல்ல நின்னேன்னு தெரிஞ்சா அவரு மொகத்துல முழிக்க முடியுமா? நீயும் சொல்லக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

தங்கேஸ்வரி சத்தியம் பண்ணினாள். பண்ணிய நிமிடமே தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள்.

அன்று பொழுது சாய வீரசிங்கம் கோயில் முற்றத்தில் தோரணக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கங்காணியாக இருந்த மனிதர். பென்சன் எடுத்தும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுகிற குரல் மாறவில்லை. காரணத்தைச் சொல்லாமல் காரியத்தைச் சாதிக்க வேண்டும் என்று தங்கேஸ்வரி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

"அத்தான், அக்காவுக்குப் பல்லுவலி. வியாழக்கெழம பதுளைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துர்றேன்."

"பல்லுவலிக்குக் கராம்பு வச்சுக் கடிக்கச் சொல்லு."

"கடிச்சுப் பாத்தாச்சு. கன்னமெல்லாம் வீங்கிருக்கு."

"இப்பத்தான் தேத்தண்ணி குடுத்துட்டுப் போனா. வீக்கத்தைக் காணோமே."

"உள்பக்கமா வீங்கிருக்கு."

வீரசிங்கம் கயிற்றை விட்டு நிமிர்ந்தார். "தங்கேசு, காப்புக் கட்டி எல்லை கட்டியாச்சு. போன வருசம் மேஸ்திரியோட அப்பா பண்டாரவளையில செத்தாரு. மேஸ்திரி காப்பை அவுத்தாரா? எல்லையில நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பினாரு. பெத்த தகப்பனுக்கே இல்லாதது பல்லுக்கு எப்பிடி?"

"அப்ப வலியோட கெடக்கட்டுமா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்க முடியாதா? ஒனக்கு அந்த வயசு. எல்லாத்துக்கும் படபடங்குற. போயி ஒறங்கு."

மூன்று மாதமாக ஒரு பெண் பக்கத்தில் படுத்து ரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறாள். இந்த மனிதர் தேத்தண்ணி கொடுத்த கையைப் பார்த்தாரே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை. அதைச் சொல்ல நாக்குத் துடித்தது. சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஷஹீலாவைப் பிடித்தாள். தேதியை அடுத்த வாரத்துக்கு மாற்ற முடியுமா என்றுதான் கேட்டாள்.

"மாத்தலாம் தங்கேஸ்வரி. ஆனா அடுத்த தேதி எப்ப கெடைக்கும்னு என்னால சொல்லேலாது, ரெண்டு மாசமும் ஆகலாம்" என்றாள் ஷஹீலா. "பயப்படுத்தச் சொல்லல. இப்பிடி வாற பத்துப் பேர்ல ஒம்பது பேருக்குப் பெருசா ஒண்டும் இருக்காது. அந்தப் பத்தாவது ஆள் யாருன்னு சோதிக்காம எப்பிடித் தெரியும்? நேரத்தோட புடிச்சா சொகமாக்கலாம். மேல்லயத்துப் புஷ்பராணியை ஞாபகம் இருக்கில்ல?"

புஷ்பராணியை யாருக்கு மறக்கும்? இதே ரத்தத்தை ஒன்றரை வருடம் மறைத்து, ஒரேயடியாக விழுந்தவள். செத்தவளைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட்டவளே குணமணிதான். அதைப் பார்த்த பிறகுமா இப்படி என்று தங்கேஸ்வரிக்கு ஆறவில்லை. அந்த ஆற்றாமையில், வீரசிங்கம் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு நாள் பலகைச் சுவரோடு வாய் ஓயாமல் பேசினாள். கெஞ்சினாள், திட்டினாள், ரொட்டி தட்டிக்கொண்டே மிரட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் குணமணி தானாகவே வந்து வாசலில் நின்றாள். குளித்திருந்தாள். கையில் ஒரு பை. விரதம் என்பதால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் சொன்னதும் அதுதான். வீரசிங்கம் தோரணத்துக்கு வேப்பங்குழை ஒடிக்க மேல்மலைக்குப் போயிருந்தார்.

"எல்லை வரைக்கும் வாறேன்" என்றாள்.

"எல்லை வரைக்கும் வந்து என்னா செய்யிறது? டொக்டரு அங்கயா வரப்போறாரு?"

தோட்டத்து எல்லை, ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஒரு சின்னப் பாலம். இரண்டு பக்கமும் கம்பு நட்டு வேப்பிலைக் கயிறு கட்டியிருந்தார்கள். குணமணி அதன் முன்னால் வந்து நின்றவள், நின்றவள்தான். வளைவில் பஸ் சத்தம் கேட்டது.

"என்னால ஏலாது தங்கச்சி. காலு வரல."

தங்கேஸ்வரிக்கு அந்த நேரம் பார்த்துச் சூடு ஏறியது. காது மடல் எரிந்தது. "சரி, நில்லுங்க. நானும் நிக்கிறேன். அம்மன் பாத்துக்கும்னு ரெண்டு பேரும் இங்கேயே நிப்போம். ஒங்களுக்கு என்னமாச்சும் ஆனா ஒங்க புருசன் தோரணம் கட்டுவாரு. எனக்கு யாரு இருக்கா அக்கா? எம் புருசன் போனைத் தூக்குனா வைக்கிறதுக்குத்தான் தூக்குறான். மூத்தவன் பொறக்கையில ரெண்டு நாளு என் கையப் புடிச்சிட்டு ஒக்காந்திருந்தது நீங்க. நீங்க இல்லாத பக்கத்துக் காம்பராவுல யாரோட நான் சண்டை போடுறது?" அவள் பாலத்துச் சுவர்க்கட்டின் மேல் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "போறதா, இல்லையா?" என்றான். டிரைவர் ஹார்னை அடித்தார். உள்ளே ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குணமணி பிறந்ததிலிருந்து தனக்காக ஒருவரையும் காக்க வைத்து அறியாதவள். முப்பது பேர் தனக்காகக் காத்திருப்பதைப் பார்த்ததும் பதறிப்போனாள். "வாறோம், வாறோம்" என்று தங்கேஸ்வரியின் கையையும் இழுத்துக்கொண்டு வேப்பிலைக் கயிற்றைத் தாண்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. பதுளை வரும்வரை மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் மூடியபடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு கூத்து. உடுப்பு மாற்ற வந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸி காப்பைப் பார்த்துவிட்டு, "அம்மா, நூல் எல்லாம் கழட்டணும். தியேட்டர் உள்ள போட ஏலாது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தாள். குணமணி கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"எல்லையத் தாண்டிட்டேன். காப்பையும் அறுக்கணுமா? நான் வீட்டுக்குப் போறேன்."

இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வந்தது ஒரு முழ நூலில் வந்து நின்றதே என்று தங்கேஸ்வரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. வாக்குவாதத்தின் சத்தம் கேட்டு டொக்டர் ஆர்த்திகா வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பது வயதிருக்கும்.

"என்னம்மா பிரச்சினை?"

குணமணி பேசாமல் கையை நீட்டிக் காட்டினாள். டொக்டர் நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்ப அவிழ்க்கிறது?"

"ஞாயித்துக்கெழம, பொங்கல் வச்சுட்டு."

"சரி. அறுக்க வேண்டாம். மிஸ்ஸி, இதுக்கு மேலால பிளாஸ்டர் சுத்தி ஒட்டிவிடுங்கோ. ஊசி மற்றக் கையில ஏத்துவம்." பிறகு குணமணியின் பக்கம் குனிந்தார். "எத்தினை மாசமாப் போகுது?"

"மூணு மாசம்."

"ஏன் அம்மா முதல்லயே சொல்லேல்ல?"

"தீட்டுன்னு நெனச்சேங்க."

"அஞ்சு வருசத்துக்குப் பிறகு தீட்டு வராது. கையில வெட்டுப்பட்டு ரத்தம் வந்தால் தீட்டு எண்டு சொல்லுவீங்களே? இதுவும் உடம்பில ஒரு இடத்தில வாற ரத்தம்தான். பயப்பிடாதேங்கோ, வந்தது நல்லது."

‘வந்தது நல்லது’ என்ற அந்த ஒரு வார்த்தையை குணமணி வாயால் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து கிளினிக் அட்டையால் விசிறிக்கொண்டிருந்த தங்கேஸ்வரியை டொக்டர் போகிற போக்கில் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வயது? நித்திரை வருகுதே?"

"எங்கங்க வருது. எல்லாரும் அந்த வயசுங்குறாங்க."

"அந்த வயசுதான். அதுக்காகச் சும்மா இருக்க வேணும் எண்டில்லை. நீங்களும் ஒரு நாள் கிளினிக்குக்கு வாங்கோ, என்ன செய்யலாம் எண்டு பாப்பம்."

அதே இரண்டு சொல்லை ஒருவர் இப்படியும் சொல்லலாம் என்று தங்கேஸ்வரி அன்றுதான் கண்டாள். அதற்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

பின்னேர பஸ்ஸில் திரும்பினார்கள். குணமணி மயக்கம் தெளிந்து, ஒரு பணிஸைச் சாயத்தண்ணியில் தொட்டுச் சாப்பிட்டிருந்தாள். பாலத்தில் பஸ் நின்றபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீரசிங்கமும் கோயில் கமிட்டி ஆட்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். வேலை விட்டு வந்த பெண்களும் சாக்கோடு நின்றுவிட்டார்கள்.

"காப்போட எல்லை தாண்டுனியா?" வீரசிங்கத்தின் பெரட்டுக் குரல். "ஒரு பல்லுக்காக தோட்டத்து மானத்தையே வாங்கிட்டியே. தங்கேசு, எல்லாம் ஒன் வேலை."

தங்கேஸ்வரி சத்தியத்தைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்கு முன் குணமணி பேசினாள். அவள் சத்தமாகப் பேசி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் சத்தமாகப் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பல்லு இல்லைங்க. எனக்கு மூணு மாசமா ரத்தம் போகுது. கர்ப்பப்பையில சுரண்டி எடுத்துச் சோதிச்சிருக்காங்க. புத்துநோயா இல்லையான்னு மூணு வாரத்துல தெரியும்."

காற்றில் வேப்பிலைக் கயிறு ஆடியது. ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் வீரசிங்கம் கேட்டது இதுதான்: "அப்ப ஞாயித்துக்கெழம பொங்கலை யாரு பொங்குறது?"

"நீங்க பொங்குங்க" என்றாள் குணமணி. "ஒங்களுக்குத்தான் ஒரு நாளும் தீட்டே இல்லையே." சொல்லிவிட்டுக் கயிற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நடந்தாள்.

பொங்கத் தெரிந்த ஆண் ஒருவரும் தோட்டத்தில் இல்லை. வெள்ளியும் சனியும் வீரசிங்கமும் கமிட்டியும் லயம் லயமாகப் போய்த் தீட்டு நின்ற ஒருத்தியைத் தேடினார்கள். கீழ்லயத்தில் ஐம்பத்தைந்து வயதுக்காரி, "எனக்கு இன்னும் நிக்கலைங்களே" என்றாள். அடுத்த லயத்தில் அறுபது வயதுக்காரி, "போன வாரந்தான் குளிச்சேன்" என்றாள். கடைசிக் காம்பராவில் பென்சன் எடுத்துப் பதினைந்து வருடமான கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னா செய்றது தம்பி, இந்தப் பாழாப்போனது எனக்கும் நிக்க மாட்டேங்குதே" என்று பெருமூச்சு விட்டாள். வீரசிங்கம் தங்கேஸ்வரியின் வாசலுக்கு மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரசிங்கம்தான் பொங்கினார். புகையில் கண் கலங்கி, அகப்பையை எப்போது விட வேண்டும் என்று தெரியாமல், தலைப்பாகை நழுவ நழுவக் கிண்டினார். அடிபிடித்த வாசம் மேல்லயம்வரை போயிற்று. அம்மனுக்குப் படைத்தார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பொழுது சாய, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. தங்கேஸ்வரி அடுப்பைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"சாப்பிடு. கொஞ்சம் கருகிருச்சு" என்றார் வீரசிங்கம்.

"பரவாயில்ல. சக்கரைதான் பத்தல" என்றாள் குணமணி.

தட்டை வழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வீரசிங்கத்தின் குரல் வந்தது. அதில் பெரட்டு இல்லை. "சோதிச்ச முடிவை எடுக்க எத்தனாந்தேதி போகணும்? நானும் வாறேன்."

இந்த ஒரு கேள்வியைக் கேட்க இந்த மனுசனுக்கு ஒரு பானைப் பொங்கல் கருக வேண்டியிருந்ததே என்று தங்கேஸ்வரிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.